வாஷிங் மெஷின் பாதியில் நின்றால்: மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

வாஷிங் மெஷின் பாதியில் நின்று, உள்ளே துணியும் அழுக்குத் தண்ணீருமாகக் கிடந்தால் பெரும்பாலான வீடுகளில் உடனே மெக்கானிக்குக்குத்தான் போன் போகிறது. அவர் வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் துணி நாற ஆரம்பித்துவிடும். வந்தவர் கீழே இருக்கும் ஒரு மூடியைத் திருகி, ஒரு நாணயத்தையும் நூல் உருண்டையையும் எடுத்துப் போட்டுவிட்டு, வந்ததற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு போவார். அந்த வேலையை வீட்டில் இருப்பவர்களே பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம்.

முதல்முறையாக மெஷின் வாங்கியவர்களுக்காகவும், வாடகை வீட்டில் ஏற்கெனவே இருந்த மெஷினைப் பழக வேண்டியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எந்த மெஷினும் நான்கு வேலைகளைத்தான் மாற்றி மாற்றிச் செய்கிறது: தண்ணீர் பிடிக்கிறது, துணியைச் சுழற்றுகிறது, தண்ணீரை வெளியே விடுகிறது, பிழிகிறது. இந்த நான்கில் எது நடக்கும்போது நின்றது என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் பாதிக் கோளாறு பிடிபட்ட மாதிரிதான். வீட்டில் அடிக்கடி வரும் தொல்லைகள் தண்ணீர் வரும் வழியிலோ போகும் வழியிலோ இருக்கும். மோட்டார், போர்டு என்று பயப்பட வேண்டிய நேரம் அபூர்வம்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். சுடுதண்ணீரில் துவைத்துக்கொண்டிருந்தால் ஆறும்வரை பொறுங்கள்; அறுபது டிகிரித் தண்ணீர் காலில் கொட்டினால் கொப்புளம் போடும்.

ஃப்ரண்ட் லோடு மெஷினில் ஹீட்டர் இருக்கும். அது ஓடும்போது ஏறக்குறைய 2000 வாட் இழுக்கும். ஆகவே 16 ஆம்ப் பிளக் பாயின்ட் தனியாக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதோ, மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை விட்டுவிட்டுச் சொருகுவதோ கூடாது. ஈரக் கையோடு மெஷினைத் தொடும்போது சுரீர் என்று இருந்தால், "லேசாகத்தானே அடிக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். எர்த் சரியில்லை, அல்லது உள்ளே எங்கோ மின்சாரம் கசிகிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த மெஷினை ஓட்டவே கூடாது. வீட்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இல்லையென்றால் மெஷின் வாங்கிய கையோடு அதையும் போட்டுவிடச் சொல்வேன். துணி துவைக்கும் இடம் எப்போதும் ஈரமாக இருக்கும் இடம்.

அடுத்து, திரையில் வந்த எழுத்தை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி குறியீடு மாறும். எல்ஜி மெஷின்களில் ஐஈ என்றால் தண்ணீர் வரவில்லை, ஓஈ என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, யூஈ என்றால் துணி ஒருபக்கமாகச் சேர்ந்துவிட்டது, டிஈ என்றால் கதவு சரியாக மூடவில்லை. சாம்சங்கில் தண்ணீர் வராததற்கு 4சி, வெளியேறாததற்கு 5சி. பழைய மாடல்களில் இவையே 4ஈ, 5ஈ. போஷ் மெஷினில் ஈ18 வந்தால் வடிகால் பக்கம் பாருங்கள். மற்றவற்றுக்கு உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பட்டியல் இருக்கும்.

தண்ணீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது

பட்டனை அழுத்தியதும் உர்ரென்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, தண்ணீர் இறங்கும் ஓசை இல்லை. சில நிமிடம் கழித்து மெஷின் பீப் அடித்து நின்றுவிடுகிறது. இதுதான் அடையாளம். குழாய் திறந்திருக்கிறதா, மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பின்னால் ஹோஸ் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இவை சரி என்றால் வடிகட்டி வலைதான்.

ஹோஸ் மெஷினோடு சேரும் இடத்தில், வால்வுக்குள் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். தொட்டியின் அடியில் தங்கும் மண்ணும் துருவும் பாசியும் அங்கேதான் வந்து அடைத்துக்கொள்ளும். குழாயை மூடி, ஹோஸின் மரையைக் கையால் கழற்றுங்கள். அடியில் ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், ஹோஸில் நிற்கும் தண்ணீர் கொட்டும். உள்ளே பார்த்தால் வலையின் நடுவில் ஒரு மேடு தெரியும். அதைக் கட்டிங் பிளேயரால் மெதுவாகப் பிடித்து நேராக இழுத்தால் வலை கையோடு வந்துவிடும். திருகவோ ஆட்டவோ வேண்டாம், உடைந்துவிடும். பழைய டூத் பிரஷால் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி அப்படியே திரும்பச் சொருகுங்கள். வலை இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். ஒரு மணல் துகள் வால்வின் ரப்பரில் உட்கார்ந்துவிட்டால் வால்வு முழுதாக மூடாது. மெஷின் அணைந்திருக்கும்போதும் டிரம்மில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். ஹோஸை மாட்டும்போது ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கினால் போதும். குழாயைத் திறந்து, இணைப்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் படாவிட்டால் சரி.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெதுவாக வருகிறதா? அப்படியானால் வேகம் போதவில்லை. கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்கு இது மெஷின் கோளாறே இல்லை, வீட்டு அமைப்பு. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். குழாய் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கூரை மூன்று மீட்டர், அதன் மேல் ஒரு மீட்டர் மேடையில் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கும் தொட்டியின் அடிக்கும் மூன்று மீட்டர்தான் வித்தியாசம், அதாவது 0.3 பார். பல மெஷின்கள் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தமே அவ்வளவு. சில மாடல்கள் இதற்கு மேலும் கேட்கும். தொட்டி பாதியாகக் குறையும் மாலை நேரத்தில் மட்டும் மெஷின் நின்று, காலையில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் காரணம் இதுதான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஹோஸின் மெஷின் பக்க முனையைக் கழற்றி, அதே உயரத்தில் ஒரு பத்து லிட்டர் வாளிக்குள் பிடித்து, குழாயை முழுதாகத் திறந்துவிடுங்கள். ஒன்றரை இரண்டு நிமிடத்துக்குள் வாளி நிரம்பாவிட்டால் மெஷின் திணறத்தான் செய்யும். தொட்டியை உயர்த்த முடியாதவர்கள் அந்த லைனுக்கு மட்டும் ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டும் முன்பே கையேட்டில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனையாளர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்றும் உண்டு. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், மெஷின் நிரம்பவே நிரம்பாது. வடிகால் ஹோஸ் போகும் இடத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் ஓடும் ஓசை கேட்டால், பிடிக்கப் பிடிக்க வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று அடுத்து வருகிறேன்.

தண்ணீர் வெளியேறவில்லை

வடிகால் ஹோஸை எங்கே விடுவது என்பதில்தான் ஏகப்பட்ட குழப்பம். ஃப்ரண்ட் லோடு மெஷினில் தண்ணீரை வெளியே தள்ள பம்ப் இருக்கிறது. அதன் ஹோஸ் தரையிலிருந்து ஏறக்குறைய 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரம் ஏறி, அப்புறம்தான் இறங்க வேண்டும். அப்படி ஏறாமல் நேராகத் தரையிலிருக்கும் ஜாலிக்குள் போட்டுவிட்டால் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். மெஷின் பிடித்துக்கொண்டே இருக்கும். மெஷினின் பின்பக்கம் ஹோஸைத் தூக்கிப் பிடிக்க ஒரு கொக்கி கொடுத்திருப்பார்கள். அதிலிருந்து ஹோஸ் நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக்கிலும் பல டாப் லோடு மெஷின்களிலும் பம்ப் கிடையாது, வால்வு திறந்தால் தண்ணீர் தானே இறங்கி ஓடும். அவற்றின் ஹோஸ் தரையோடு படுத்திருக்க வேண்டும். அதைத் தூக்கிக் கட்டினாலோ, குளியலறை வாசற்படி மேல் ஏற்றி விட்டாலோ தண்ணீர் உள்ளேயே நிற்கும். உங்கள் மெஷின் எந்த வகை என்று கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹோஸ் சரி என்றால் பம்ப் ஃபில்டர். ஃப்ரண்ட் லோடில் முன்பக்கம் கீழே வலது மூலையில் ஒரு சின்னக் கதவு இருக்கும் (சில மாடல்களில் இடது மூலை). செய்ய வேண்டியவை இவை:

1. மெஷினுக்கு முன்னால் பழைய துண்டு ஒன்றை விரித்து, உயரம் குறைந்த தட்டு ஒன்றை வையுங்கள். அடை சுடும் தட்டு மாதிரி தட்டையானது நல்லது. வாளி அடியில் நுழையாது.

2. கதவுக்குள் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று இருந்தால் அதன் மூடியைக் கழற்றித் தண்ணீரைத் தட்டில் பிடியுங்கள். நிரம்பியதும் மூடி, கொட்டிவிட்டு, மறுபடி பிடியுங்கள். துணியோடு நின்ற மெஷின் என்றால் பல தட்டு வரும். பொறுமையாகச் செய்யுங்கள்.

3. தண்ணீர் நின்ற பிறகு பெரிய மூடியை இடப்பக்கமாகத் திருகுங்கள். முதலில் அரைச் சுற்று. மிச்சத் தண்ணீர் வடியட்டும். அப்புறம் முழுதாகக் கழற்றி வெளியே இழுங்கள்.

4. ஃபில்டரில் சிக்கியதை எடுத்துக் கழுவுங்கள். நாணயம், ஊக்கு, ஹேர்பின், பிராவின் வளைந்த கம்பி, சட்டைப் பித்தான், கசங்கிப் போன பஸ் டிக்கெட், தலைமுடியும் நூலும் சேர்ந்த சாம்பல்நிறக் கயிறு எல்லாம் இருக்கும்.

5. ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பின் சின்ன விசிறி தெரியும். ஒரு பென்சிலால் அதைத் தள்ளிச் சுற்றுங்கள். வழவழவென்று சுற்றாது, தடக் தடக்கென்று விட்டுவிட்டுத்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. அது பழுது இல்லை. முடியோ நூலோ சுற்றியிருந்தால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். விசிறி அசையவே இல்லை என்றாலோ, பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடினாலோ பம்ப் மாற்ற வேண்டியிருக்கும்.

6. ஃபில்டரின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, மரை நேராக உட்காரும்படி முழுதாக இறுக்குங்கள். சாய்வாக ஏறினால் அடுத்த துவைப்பில் தரை முழுக்கத் தண்ணீர்.

இதை மாதம் ஒருமுறை செய்தால் போதும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், அல்லது புதுத் துண்டு, கம்பளிப் போர்வை துவைத்தால், அதன் பிறகு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டாப் லோடில் பஞ்சைப் பிடிக்கும் பை டிரம்முக்குள்ளேயே சுவரில் மாட்டியிருக்கும். அதை ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் உதறிக் காயவைக்க வேண்டும். வலை கிழிந்திருந்தால் மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

பிழியும்போது குதிக்கிறது, அல்லது பிழியவே மாட்டேன் என்கிறது

மெஷின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று, அதற்கு மேலும் சுற்றுகிறது. ஒரு பக்கம் மட்டும் கனம் சேர்ந்தால் உடம்பே உதறும். அதனால் பிழிவதற்கு முன் மெஷின் மெதுவாகச் சுற்றித் துணியைப் பரப்பிப் பார்க்கும். பரவவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயன்று கடைசியில் நிறுத்திவிடும். தனியாகப் போட்ட ஒரே ஒரு ஜீன்ஸ், ஒரே ஒரு கால்மிதி, மற்றத் துணிகளையெல்லாம் உள்ளே விழுங்கி உருண்டையாகிவிட்ட பெட்ஷீட் உறை, இவைதான் வழக்கமான காரணங்கள். துணியைக் கையால் பிரித்துவிட்டு, கூட இரண்டு துண்டு சேர்த்துப் போட்டு, ஸ்பின் மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.

தண்ணீர் புகாத துணிகளை, அதாவது ரெயின்கோட், குழந்தைகளின் ரப்பர் ஷீட், பைக் கவர் போன்றவற்றை மெஷினில் பிழியவே கூடாது. அவற்றின் மடிப்பில் தண்ணீர் தேங்கி நின்று, முழு வேகத்தில் ஒரே பக்கம் பாய்ந்தால் டிரம் மெஷினின் சுவரில் போய் இடிக்கும். கையேடுகளில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.

எந்தத் துணி போட்டாலும் ஆடுகிறது என்றால் மெஷின் நிற்கும் விதத்தைப் பாருங்கள். மேல் மூடியின் எதிர் எதிர் மூலைகளில் கை வைத்து மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஆட்டம் தெரிந்தால் எந்தக் கால் தரையைத் தொடவில்லை என்று பார்த்து, அந்தக் காலைத் திருகி இறக்கி, மேலே இருக்கும் பூட்டு நட்டை இறுக்குங்கள். நம் குளியலறைகளில் தண்ணீர் ஓடத் தரையைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், ஆகவே நான்கு காலும் ஒரே அளவு இருக்காது. சக்கரம் வைத்த ஸ்டாண்டு பெருக்கித் துடைக்க வசதிதான். ஆனால் ஃப்ரண்ட் லோடுக்கு அது வேண்டாம் என்பேன்; அதிர்வு கூடி, மெஷின் நகர்ந்து, ஷாக் அப்சார்பர்கள் சீக்கிரம் போய்விடும்.

புது மெஷின் முதல் நாளே நடந்து போகிறதா? பின்பக்கம் டிரம்மைப் பிடித்து வைக்கும் நீளமான போல்ட்கள் போக்குவரத்துக்காகப் போட்டிருப்பார்கள். அவற்றைக் கழற்றினார்களா என்று பாருங்கள். கழற்றாமல் ஓட்டினால் மெஷினுக்குப் பெரிய சேதம்.

பவுடர் விஷயத்தில் தாராளம் கூடாது

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்ற எண்ணம் கல்லில் அடித்துத் துவைத்த காலத்திலிருந்து நம்மிடம் ஊறியிருக்கிறது. மெஷினில், அதிலும் ஃப்ரண்ட் லோடில், நடப்பது வேறு. துணி மேலே போய்த் தொப்பென்று விழ வேண்டும். அந்த அடியில்தான் அழுக்கு கழல்கிறது. நுரை நிறைந்துவிட்டால் துணி பஞ்சு மெத்தையில் விழுவதுபோல் மெதுவாக இறங்கும், அழுக்கு அப்படியே இருக்கும். நுரையைப் போக்க மெஷின் கூடுதலாக அலசும், நேரமும் தண்ணீரும் வீண். பம்புக்கும் நுரையைத் தள்ளத் தெம்பு இருக்காது. தண்ணீர் போகவில்லை என்று காட்டி நின்றுவிடும். மிஞ்சிய சோப்பு டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே பிசுக்காகப் படியும். துர்நாற்றம் பிறக்கும் இடம் அதுதான்.

கையால் துவைக்கும் பவுடரை மெஷினில் போடாதீர்கள். ஃப்ரண்ட் லோடுக்கு அதற்கென்று இருக்கும் மேட்டிக் பவுடரோ லிக்விடோதான் வேண்டும். அளவை பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து, அளக்கும் மூடியால் அளந்து போடுங்கள். நீங்கள் இத்தனை நாள் அதிகம் போட்டிருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. துணியும் சோப்பும் இல்லாமல் மெஷினை ஒருமுறை ஓட்டி, கண்ணாடி வழியாகப் பாருங்கள். நுரை கிளம்பினால் அது உள்ளே தேங்கிய பழைய சோப்பு. நுரை அடங்கும்வரை வெறுமனே அலசவிட்டு, அடுத்த தடவையிலிருந்து அளவைக் குறையுங்கள்.

சோப்புப் போடும் இழுப்பறையைக் கடைசிவரை இழுத்து, நடுவில் இருக்கும் நாக்கை அழுத்தினால் முழுதாக வெளியே வந்துவிடும். பூ அடையாளம் போட்ட அறை கம்ஃபர்ட் மாதிரியான மென்மையாக்கும் திரவத்துக்கு. அந்த அறையில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் அங்கிருக்கும் சின்ன மூடியைக் கழற்றி, அடியில் உள்ள குழல் ஓட்டையைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். இழுப்பறை இருந்த குகையின் மேல்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கருப்பாகப் பாசி ஒட்டும். அதையும் தேய்த்துவிட வேண்டும்.

உப்புத் தண்ணீரும் நாற்றமும்

போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடுகளில் மெஷினின் ஆயுளைக் குறைப்பது தண்ணீரின் கடினத்தன்மை. கால்சியமும் மக்னீசியமும் ஹீட்டர் மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். பொருக்கு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, ஹீட்டர் தானே வெந்து கெட்டுவிடும். சோப்பும் வேலை செய்யாது. வெள்ளைத் துணி பழுப்பேறும், துண்டு விறைக்கும்.

பலர் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையை மட்டும் தனியாகச் சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. 600ஐ நெருங்கும் தண்ணீர் என்றால் மெஷினுக்குத் தண்ணீர் வரும் வழியில் ஒரு சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) வைப்பது பற்றி யோசியுங்கள். மெஷினோடு இலவசமாகத் தரும் சின்ன காட்ரிட்ஜ் மண்ணைப் பிடிக்கும்; ஆனால் அவற்றில் சில கடினத்தன்மையைக் குறைப்பதில்லை.

ஏற்கெனவே படிந்ததைக் கரைக்க, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விற்கும் டீஸ்கேலிங் பவுடரைப் போடலாம். அல்லது சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய 100 கிராம். லெமன் சால்ட் என்று கேட்டாலும் மளிகைக் கடையில் தருவார்கள். துணி இல்லாத டிரம்முக்குள் அதைக் கொட்டி, 60 டிகிரி காட்டன் புரோகிராமிலோ டப் கிளீன் புரோகிராமிலோ ஓட்டி, முடிந்ததும் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசவிடுங்கள். வெள்ளைப் பொருக்குத் துண்டுகள் உதிர்ந்து பம்ப் ஃபில்டரில் சேர்ந்திருக்கும், அதையும் கழுவிவிடுங்கள். ஹீட்டர் இல்லாத டாப் லோடில் கீசரிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை வாளியால் ஊற்றிக்கொள்ளலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். மிக முக்கியமானது: அமிலத்தையும் பிளீச்சையும் ஒரே துவைப்பில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சைப் பிடிக்கும்.

நாற்றத்துக்கு வேறு இரண்டு காரணங்கள். ஒன்று, எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைப்பது. மாதம் ஒருமுறையாவது சூடாக ஒரு ஓட்டு ஓட்டினால் பிசுக்கு கரையும். மற்றது, துவைத்து முடித்தவுடன் கதவைச் சாத்திவிடுவது. ஃப்ரண்ட் லோடின் வாயைச் சுற்றி ஒரு சாம்பல்நிற ரப்பர் இருக்கிறதே, அதன் கீழ்மடிப்பை விரலால் பிரித்துப் பாருங்கள். அங்கே எப்போதும் ஒரு கரண்டித் தண்ணீர், கொஞ்சம் முடி, சில சமயம் ஒரு குழந்தைச் சாக்ஸ் இருக்கும். மடிப்பின் அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். கடைசித் துணியை எடுத்ததும் ஒரு காய்ந்த துணியால் அந்த மடிப்பைச் சுற்றித் துடைத்து, கதவை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த அறையைச் சாத்தி வைக்க வேண்டும், உள்ளே புகுந்துவிடுவார்கள்.

மற்ற சில

கதவு திறக்கவில்லை என்று பிடித்து இழுக்காதீர்கள். முடிந்து ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத்தான் பூட்டு விடும். உள்ளே தண்ணீர் நின்றாலும் திறக்காது. முதலில் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை வடியுங்கள்.

பிழியும்போது ரயில் ஓடுகிற மாதிரி கடகடவென்று அரைக்கும் சத்தம் வந்தால், மெஷினை நிறுத்தி, டிரம்மின் வாயை உள்ளிருந்து மேலே தூக்கிப் பாருங்கள். வெளித்தொட்டியும் சேர்ந்து அசைந்தால் சரி. டிரம் மட்டும் தனியாக லொடுக்கென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. இனி ஓட்ட ஓட்டச் செலவு கூடும், மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுங்கள்.

செமி ஆட்டோமேட்டிக்கில் பிழியும் பக்கம் சுற்றவில்லை என்றால் மூடி முழுதாக அமர்ந்திருக்கிறதா, உள்ளே துணிக்கு மேல் போடும் பிளாஸ்டிக் தட்டைப் போட்டீர்களா என்று பாருங்கள். மோட்டார் முனகுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் அல்லது பிரேக். கெப்பாசிட்டர் மலிவான சாமான்தான். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

நேற்றுவரை நன்றாக ஓடிய மெஷின் இன்று உயிரே இல்லாமல் கிடந்தால் எலியையும் சந்தேகப்படுங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கும் மாடல்களில் எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடித்துவிடும். பல வாரன்ட்டிகளில் எலி கடித்தது சேராது. அடியில் மாட்டும் தகடோ கம்பி வலையோ கிடைக்கிறது, முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டி வந்தால்

கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வருவதை அழைக்காதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. போனிலேயே பணம் கேட்டாலோ, ஏதாவது செயலியை இறக்கச் சொன்னாலோ வைத்துவிடுங்கள். கையேட்டிலும் மெஷின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும் எண்தான் சரியானது. மாடல் எண், வாங்கிய தேதி, எந்தக் கட்டத்தில் நின்றது, என்ன குறியீடு வந்தது, நீங்கள் என்னென்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் தேவையான சாமானோடு வருவார், இரண்டாவது தடவை அலைய வேண்டியிருக்காது. பத்து வருட வாரன்ட்டி என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். மாற்றிய பழைய பாகத்தை உங்களிடம் கொடுக்கச் சொல்லி, பில்லும் கேட்டு வாங்குங்கள்.

ஊருக்குப் போகும்போதும் வீடு மாறும்போதும்

பத்து நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் வழியாக மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். வீடு மாறும்போது, முன்பு கழற்றிய போல்ட்களை மறுபடி போட்டு டிரம்மைக் கட்டிய பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். ஆகவே அவற்றைக் கையேட்டோடு ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்துபோனால் சர்வீஸ் சென்டரில் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வண்டி வரும் நாளில் ஓடாமல் ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.